நம் வட்டாரப் பிள்ளைகளும் மருத்துவப் பணியும்: ஒரு வரலாற்றுக் கண்ணோட்டம்

விழா மலர் என்றால் ஆலயம் எழும்பிய வரலாறு, பங்குத் தந்தையரின் வரிசை, திருப்பணிக்கு வாரி வழங்கியோரின் பட்டியல் ஆகியவை இடம் பெறுவது வழக்கம். அவை யாவும் இம்மலரின் பிற பக்கங்களில் உரிய சிறப்புடன் வந்துள்ளன. நாம் இங்கு எழுதப் புகுந்தது, எந்தக் கல்வெட்டிலும் பொறிக்கப்படாத வேறொரு வரலாறு. நாட்டுப்புறத்து ஏழை வீட்டுப் பிள்ளை, மருத்துவமனைக்குள் நோயாளியாக அன்றிப் பணியாளராக நுழைந்தது எவ்வாறு? வழி காட்டியவர் யார்? எந்தக் கதவு எப்போது திறந்தது, எப்போது அடைபட்டது? திருவள்ளூர், பொன்னேரி, கும்மிடிப்பூண்டி வட்டாரங்களில் பிள்ளைகளைப் பெற்று வளர்க்கும் நமக்கு இது பழங்கதை அன்று.

நம் ஊர்ப் பக்கம் எட்டாவது படிக்கும் பையனைக் கேட்டுப் பாருங்கள். பிட்டர், வெல்டர், டர்னர், எலக்ட்ரீஷியன் என்று ஐ.டி.ஐ. பிரிவுகளை மூச்சு விடாமல் ஒப்பிப்பான். சிப்காட் வளாகம் வந்த நாள் முதல் அவன் வீட்டில் அண்ணனோ சித்தப்பாவோ யாராவது ஒருவர் கம்பெனியில் இருக்கிறார். இரும்பு உருக்காலையில் எந்த வேலைக்கு என்ன சம்பளம் என்பதுகூட அவனுக்குத் தெரியும். அவனிடமே, “தம்பி, ஆஸ்பத்திரியில் என்னென்ன வேலை உண்டு?” என்று கேளுங்கள். “டாக்டரு, நர்சு” என்று இரண்டைச் சொல்லி நிறுத்தி விடுவான். இரத்தம் எடுத்துச் சோதிப்பவரை அவன் கண்டிருக்கிறான். எக்ஸ்ரே பிடிப்பவரைக் கண்டிருக்கிறான். 108 வண்டியில் நோயாளிக்கு அருகில் அமர்ந்து வருபவரையும் கண்டிருக்கிறான். அதற்கெல்லாம் ஒரு படிப்பு உண்டு, அப்படிப்பில் தானும் சேரலாம் என்று அவனிடம் எவரும் சொன்னதில்லை. பெண் பிள்ளைகளின் நிலையும் இதுவே.

தெரியாத வேலையை யாரும் விரும்புவதில்லை. கடந்த ஒன்றரை நூற்றாண்டு வரலாற்றைப் புரட்டினால், நாட்டுப்புறப் பிள்ளைகள் மருத்துவத் துறைக்குள் வந்த ஒவ்வொரு வேளையிலும், அந்த வேலையை அவர்கள் கண்ணுக்கு அருகில் கொண்டு வந்து காட்டிய ஒருவரோ ஓர் ஏற்பாடோ இருந்திருப்பதைக் காணலாம்.

பட்டணத்தில் தொடங்கிய கதை

சென்னையில் மருத்துவக் கல்வி 1835இல் தொடங்கியது. நாற்பது ஆண்டுகள் கழித்து, 1875இல், சென்னை மருத்துவக் கல்லூரி நான்கு பெண்களைச் சேர்த்துக் கொண்டது. அவர்களுள் ஒருவர் மேரி ஷார்லீப் அம்மையார். சென்னையில் வழக்கறிஞராக இருந்த ஆங்கிலேயர் ஒருவரின் மனைவி. நம் நாட்டுப் பெண்கள் பிரசவ வேளையில் படும் பாட்டை அருகிலிருந்து கண்டதே அவரை மருத்துவம் படிக்கத் தூண்டிற்று. 1907இல் புதுக்கோட்டையிலிருந்து வந்து அக்கல்லூரியில் சேர்ந்து 1912இல் பட்டம் பெற்ற டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியாரை அறியாதார் இல்லை. அவர் எதிர்த்து நின்ற தடைகள் கொஞ்சமல்ல. எனினும் அவருடைய தந்தையார் ஒரு கல்லூரியின் முதல்வர் என்பதை நாம் மறந்துவிடலாகாது. படிப்பு என்றால் என்ன என்று தெரிந்த வீட்டிலிருந்துதான் முதலில் வந்தவர்கள் வந்தார்கள். பொன்னேரிப் பக்கத்துக் கூலிக்காரர் மகளுக்கு அந்தக் காலத்தில் தெரிந்த மருத்துவம், தெருக்கோடியில் இருந்த மருத்துவச்சிக் கிழவிதான்.

வேலூரில் டாக்டர் ஐடா ஸ்கடர் செய்த பணியும் ஓர் இரவில் கண்ட காட்சியிலிருந்து பிறந்ததே. திண்டிவனத்தில் அவருடைய தகப்பனார் மிஷன் மருத்துவராக இருந்தபோது, ஒரே இரவில் மூன்று வீட்டார் அடுத்தடுத்து வந்து, பிரசவ வேதனையில் கிடக்கும் தங்கள் மனைவிமாரைக் காண ஐடாவை அழைத்தார்கள். தான் மருத்துவம் படிக்காதவள், தந்தையை அழைத்துப் போங்கள் என்றார் ஐடா. ஆண் மருத்துவரா, கூடாது என்று திரும்பிச் சென்றார்கள். மூன்று பெண்களும் இறந்தனர். பின்னர் அமெரிக்கா சென்று மருத்துவம் பயின்று திரும்பிய அவர், 1909இல் வேலூரில் செவிலியர் பயிற்சியையும், 1918இல் பெண்களுக்கான மருத்துவப் பள்ளியையும் தொடங்கினார். நம் நாட்டுப் பெண்களையே பயிற்றுவித்தால் ஒழிய இந்த நாட்டுப் பெண்களைக் காப்பாற்ற முடியாது என்பது அவருக்குத் தெளிவாகியிருந்தது.

குண்டூரில் ஒரு கன்னியர் மருத்துவர்

நம் கத்தோலிக்கத் திருச்சபையில் இப்பணி சற்றுத் தாமதமாகவே தொடங்கிற்று என்பதை ஒளிக்காமல் சொல்வது நல்லது. துறவறக் கன்னியர் மருத்துவத் தொழில் செய்வதற்கும், குறிப்பாகப் பிரசவம் பார்ப்பதற்கும், அக்காலத்தில் திருச்சபைச் சட்டம் இடம் தரவில்லை. ஆண் மருத்துவரிடம் காட்ட விரும்பாத பெண்கள் ஒருபுறம், தொட்டுச் சிகிச்சை செய்ய அனுமதி இல்லாத கன்னியர் மறுபுறம். இடையில் தாய்மாரும் குழந்தைகளும் மாண்டனர். ஸ்காட்லாந்து நாட்டு டாக்டர் ஆக்னஸ் மக்லாரன் அம்மையார் இத்தடையை நீக்கும்படி உரோமாபுரியில் ஓயாது மன்றாடினார்.

அவரைப் பற்றிய ஒரு சிறு பிரசுரம் ஆஸ்திரேலியாவில் மெல்போர்ன் நகரத்து இளம் பெண் மருத்துவர் ஒருவர் கையில் கிடைத்தது. அவரே மேரி குளோரி. 1887இல் பிறந்து, 1910இல் மருத்துவப் பட்டம் பெற்று, நன்றாகத் தொழில் நடத்திக் கொண்டிருந்தவர். இந்தியாவில் குழந்தைகள் இறக்கும் கொடுமையை அப்பிரசுரத்தில் படித்ததும் அவர் வாழ்வின் திசை மாறிற்று. 1920இல் குண்டூர் வந்து இயேசு மரி சூசை சபையில் சேர்ந்தார். பாப்பரசர் பதினைந்தாம் ஆசீர்வாதப்பர் அளித்த தனி அனுமதியின் பேரில், கன்னியராக இருந்து கொண்டே மருத்துவம் செய்தார். கும்மிடிப்பூண்டியில் வடக்கே போகும் இரயிலைப் பிடித்தால் ஒரே நாளில் எட்டிவிடக் கூடிய ஊர் குண்டூர். ஆனால் நம்மில் எத்தனை பேர் அவர் பெயரைக் கேட்டிருக்கிறோம்?

அவர் சிகிச்சை அளித்த நோயாளிகள் ஆயிரக்கணக்கானோர். அது பெரிய காரியம்தான். நமக்கு அதைவிடப் பெரிதாகப் படுவது, அவர் உள்ளூர்ப் பெண்களை மருந்து கலப்பவராகவும், பேறுகாலம் பார்ப்பவராகவும், செவிலியராகவும் பயிற்றுவித்தது. ஒரு மருத்துவர் தனியாக எத்தனை கிராமங்களுக்குப் போய்விட முடியும்? அந்தக் கிராமங்களிலிருந்தே கைகள் வர வேண்டும் என்று அவர் கண்டுகொண்டார். மருந்தகத்தில் புண்ணைக் கழுவக் கற்றுக்கொண்ட பெண்ணைப் பார்த்து அவள் தெருவில் இன்னொரு பெண்ணுக்கு ஆசை வரும். தாதி வேலை இழிந்த வேலை, தீட்டுப் பட்ட வேலை என்று கருதப்பட்ட காலத்தில் இது எளிதில் நடந்திருக்காது.

1936 பெப்ருவரி 11, லூர்து மாதா திருநாளன்று, பாப்பரசர் பதினோராம் பத்திநாதர் காலத்தில் உரோமையிலிருந்து வந்த அறிவுரை மடல், கன்னியர் பிரசவ மருத்துவம் உள்ளிட்ட மருத்துவப் பணிகளில் ஈடுபட வழி திறந்து விட்டது. 1943இல் சகோதரி மேரி குளோரி, கைவிரல்களை விடச் சற்றே மிகுதியான எண்ணிக்கையில் கூடிய கன்னியருடன் கத்தோலிக்க மருத்துவமனைகள் சங்கத்தைத் தொடங்கினார். கத்தோலிக்க மருத்துவக் கல்லூரி ஒன்று வேண்டும் என்ற அவரது கனவு, அவர் 1957இல் பெங்களூரில் காலமாகி ஆறு ஆண்டுகள் சென்ற பின், 1963இல் அதே பெங்களூரில் புனித அருளப்பர் மருத்துவக் கல்லூரியாக நனவாயிற்று. படித்து முடித்தோர் வசதியற்ற பகுதிகளில் சில காலம் பணி செய்ய வேண்டும் என்ற ஒப்பந்தம் அக்கல்லூரியின் சிறப்புகளுள் ஒன்று.

இங்கே ஒரு சொல். கேரளத்துக் கத்தோலிக்கக் குடும்பங்களிலிருந்து 1960களில் இளம் பெண்கள் செவிலியர் பயிற்சிக்காக ஜெர்மனி வரை சென்றதை யாவரும் அறிவர். திருச்சபையின் தொடர்புகளே அவர்களுக்குத் துணை நின்றன. ஒரு பங்கிலிருந்து ஒரு பெண் போனால், அவள் எழுதும் கடிதமும் அனுப்பும் பணமும் பார்த்து, அடுத்த ஆண்டு தங்கையும் பக்கத்து வீட்டுப் பெண்ணும் புறப்பட்டார்கள். நம் பக்கத்தில் அவ்வாறு ஏன் நிகழவில்லை? நம் பெண்களுக்குத் துணிவில்லை என்று சிலர் சொல்வதை நாம் ஏற்பதற்கில்லை. அங்கே பெண் கல்வி முன்பே வேரூன்றி இருந்தது. பயணச் செலவுக்கு அடகு வைக்கக் காணி நிலமாவது இருந்தது. இங்கே நம் மக்களிற் பெரும்பாலோர் பிறர் நிலத்தில் கூலிக்கு உழைத்தவர்கள். எல்லாவற்றிற்கும் மேலாக, முதலில் போன அந்த ஒருத்தி இங்கே இல்லை.

வீடு தேடி வந்த நர்சம்மா

நிற்க. நம் வட்டாரத்துக்கு வருவோம். 1956இல் சென்னையில் தொடங்கப் பெற்ற காசநோய்ச் சிகிச்சை ஆய்வு நிலையம், நோயாளியை மருத்துவமனையில் படுக்க வைக்காமல் வீட்டிலேயே வைத்து மருந்து கொடுத்துக் குணமாக்கலாம் என்று உலகுக்கே எடுத்துக் காட்டியது. அதையடுத்து 1968 முதல் 1971 வரை, அன்றைய செங்கற்பட்டு மாவட்டத்தில், திருவள்ளூர்ப் பகுதியையும் உள்ளடக்கி, பி.சி.ஜி. தடுப்பூசி ஆய்வு நடைபெற்றது. இரண்டரை இலட்சத்துக்கும் மேற்பட்டோர் அதில் பங்கு பெற்றனர். பெரியவர்களுக்கு வரும் நுரையீரல் காசநோயை அந்த ஊசி தடுக்கவில்லை என்பதே கிடைத்த முடிவு. உலகெங்கும் மருத்துவர்களை வியப்பில் ஆழ்த்திய முடிவு அது. ஆய்வின் அறிவியல் ஒருபுறம் இருக்கட்டும். பதிவேட்டைக் கையில் பிடித்துக் கொண்டு வீடு வீடாக ஏறி இறங்கிய பணியாளர்களை நம் கிராமத்து மக்கள் அப்போது ஆண்டுக்கணக்கில் பார்த்தார்கள். 1999க்குப் பின் திருவள்ளூர் மாவட்டத்தில் காசநோய் மருந்தை நேரில் நின்று விழுங்க வைக்கும் முறை வந்தபோது, ஊரில் உள்ளவர்களே மருந்து கொடுப்பவர்களாகவும் ஆனார்கள்.

ஆயினும் நம் பெண் பிள்ளைகளின் மனத்தில் பதிந்த உருவம் வேறு. அதுதான் கிராம சுகாதார செவிலியர். 1973இல் கர்த்தார் சிங் குழு, அம்மை, மலேரியா, குடும்ப நலம் என்று தனித்தனியே ஆள் வைப்பதை விட்டு, எல்லாவற்றையும் ஒருவரே கவனிக்கும் பல்நோக்குப் பணியாளர் முறையைப் பரிந்துரைத்தது. அதன் பின் ஐயாயிரம் மக்களுக்கு ஒரு துணை சுகாதார நிலையம் என்ற கணக்கில், கையில் பையும் தோளில் குடையுமாக நர்சம்மா தெருவுக்குள் வந்தார். கர்ப்பிணியின் பெயரை எழுதினார், குழந்தைக்கு ஊசி போட்டார், மாமியாரிடம் வாதாடினார். ஆஸ்பத்திரிக்கே போகாதவர்களுக்கும் அவரைத் தெரியும். சேரியிலும் குப்பத்திலும் பிறந்த பெண்களே அந்தச் சீருடையில் வந்தபோது, அது எத்தகைய பாடம் என்பதைச் சொல்லவும் வேண்டுமோ!

“எம்மா, எம் பொண்ணு பத்தாவது முடிச்சிட்டா. உங்கள மாதிரி வேலைக்குப் போவணும்னா இன்னாம்மா படிக்கணும்?” என்று திண்ணையில் நர்சம்மாவை நிறுத்திக் கேட்ட தாய்மாரை நாம் அறிவோம். அன்றைக்கு அதற்குச் சுலபமான விடை இருந்தது. பத்தாவது தேறினால் போதும், ஒன்றரை ஆண்டுப் பயிற்சி, பிறகு வேலை. பின்னர் இந்திய நர்சிங் கவுன்சில் விதியை மாற்றிப் பன்னிரண்டாவது தேறியோரையே சேர்க்கலாயிற்று. படிப்பும் இரண்டு ஆண்டாயிற்று. தரம் உயர்வது நல்லதே. ஆனால் பத்தாவதோடு படிப்பு நின்று போகும் வீடுகளுக்கு ஒரு கதவு ஓசையின்றி மூடப்பட்டது.

1978இல் வந்த மாற்றமும் இங்கே குறிக்கத் தக்கது. அதுவரை எஸ்.எஸ்.எல்.சி. முடித்தவன் டாக்டராக வேண்டுமானால் முதலில் கல்லூரிக்குப் போய்ப் புகுமுக வகுப்புப் படிக்க வேண்டும். பெரும்பாலும் பட்டணத்தில் தங்கவும் வேண்டும். அதற்கே வழியில்லை. 1978இல் தமிழ்நாட்டில் பிளஸ் டூ பள்ளிகளுக்கே வந்தபோது, உயிரியல் பாடப் பிரிவு நம் ஊர்களுக்கு அருகில் வந்தது. அத்துடன் தொழிற்கல்விப் பிரிவும் வந்தது. சில பள்ளிகளில் செவிலியம் ஒரு பாடமாகவே வைக்கப்பட்டு, மாணவியர் மருத்துவமனைக்குச் சென்று படுக்கை விரிப்பதும், காய்ச்சல் பார்ப்பதும், கட்டுப் போடுவதும் கற்றனர். பதினாறு வயதில் நோயாளியின் அருகில் நின்று பார்த்த பிள்ளைக்கு, அந்த வேலை தனக்கு ஒத்துவருமா இல்லையா என்பது ஒரு மாதத்தில் விளங்கிவிடும். தொழிற்கல்விப் பிரிவு என்றால் மார்க் குறைந்தவர்களுக்கு என்று ஒதுக்கி வைத்த நம்மவர்களின் பார்வைதான் அப்பிரிவுக்கு உரிய மதிப்பைக் கெடுத்தது என்பது நம் கருத்து.

தேர்வுகளும் ஒதுக்கீடுகளும்

டாக்டர் படிப்பின் கதை வேறு. 1984இல் நுழைவுத் தேர்வு வந்தது. அதனோடு பட்டணத்துப் பயிற்சி வகுப்புகளும் வந்தன. 1990களின் பிற்பகுதியில் கிராமப் பள்ளி மாணவர்க்கெனத் தனி ஒதுக்கீடு செய்யப்பட்டது. அது நீதிமன்றத்தில் நிற்கவில்லை. 2006இல் இயற்றிய சட்டத்தின் மூலம் நுழைவுத் தேர்வு ஒழிக்கப்பட்டு, பிளஸ் டூ மதிப்பெண்ணே அளவுகோல் ஆயிற்று. பத்தாண்டுகள் இவ்வாறு சென்றன. 2017இல் நீட் தேர்வு வந்தது. அரியலூர் மாவட்டம் குழுமூரைச் சேர்ந்த அனிதா, மூட்டை தூக்கும் தொழிலாளியின் மகள், பிளஸ் டூவில் 1200க்கு 1176 பெற்றவர், நீட் தேர்வை எதிர்த்து உச்ச நீதிமன்றம் வரை சென்று, அவ்வாண்டு செப்டம்பர் முதல் நாள் தம் வாழ்வை முடித்துக் கொண்டதை நாடே கண்ணீரோடு கேட்டது. மருத்துவக் கல்லூரியில் இடம் பெற்ற அரசுப் பள்ளி மாணவர்களை அடுத்த சில ஆண்டுகளில் விரல் விட்டு எண்ண வேண்டியதாயிற்று.

நீதியரசர் கலையரசன் ஆணையம் அரசுப் பள்ளி மாணவர்களுக்கு 10 விழுக்காடு ஒதுக்கலாம் என்றது. அரசு 7.5 விழுக்காடு என்று முடிவு செய்தது. 2020 செப்டம்பரில் சட்டமன்றத்தில் நிறைவேறிய மசோதா, அக்டோபர் இறுதியில்தான் ஆளுநரின் ஒப்புதல் பெற்றது. அந்த ஆண்டிலேயே மருத்துவமும் பல் மருத்துவமுமாகச் சுமார் 400 இடங்கள் அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்குக் கிடைத்தன. கட்டணத்தையும் அரசே ஏற்றது. கூலித் தொழிலாளிகளின் பிள்ளைகளும் ஆடு மேய்ப்போரின் பிள்ளைகளும் வெள்ளைக் கோட்டு அணிந்து நின்ற படங்கள் அந்நாளில் செய்தித்தாள்களில் வந்தன. 2022 ஏப்ரலில் சென்னை உயர் நீதிமன்றமும் இவ்வொதுக்கீடு செல்லும் என்று தீர்ப்பளித்தது.

இனி, நம்மை நேராகத் தொடும் செய்தி. ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை அரசுப் பள்ளியிலேயே படித்தவர்களுக்கே இச்சட்டம் பொருந்தும். ஆதிதிராவிடர் நலப் பள்ளி, நகராட்சிப் பள்ளி போன்றவை அதில் அடங்கும். நம் மறைமாவட்டங்களும் துறவற சபைகளும் நடத்தும் அரசு உதவி பெறும் பள்ளிகள் அதில் அடங்கா. அதே தெரு, அதே கூரை வீடு, அதே கூலி. அக்காள் அரசுப் பள்ளியில் படித்தாள், அவளுக்கு ஒதுக்கீடு உண்டு. தங்கையை, கட்டுப்பாடு நன்றாயிருக்கும் என்று சிஸ்டர்கள் பள்ளியில் சேர்த்தார்கள், அவளுக்கு இல்லை. அரசுப் பள்ளிகளின் ஏழ்மையை ஈடுசெய்யவே சட்டம் வந்தது என்ற நியாயத்தை நாம் மறுக்கவில்லை. ஆனால் உதவி பெறும் பள்ளியின் தமிழ் வழி வகுப்பில் அமர்ந்திருப்பவர் யாருடைய பிள்ளைகள் என்பதைச் சட்டம் இயற்றியவர்கள் ஒருமுறை வந்து பார்த்திருக்கலாம். பெண் பிள்ளைகளின் உயர்கல்விக்கு மாதம் 1000 ரூபாய் தரும் புதுமைப் பெண் திட்டம், 2022இல் அரசுப் பள்ளிகளோடு தொடங்கிப் பின்னர் உதவி பெறும் பள்ளிகளின் தமிழ் வழி மாணவியருக்கும் நீட்டப்பட்டது. ஆகவே விரிவாக்கம் நடக்கக் கூடாத காரியம் அன்று.

இதனோடு சேர்த்து எண்ண வேண்டிய மற்றொன்று, நம் மக்களிற் பலர் சுமக்கும் சாதிச் சான்றிதழ். 1950ஆம் ஆண்டுக் குடியரசுத் தலைவர் ஆணையின்படி, கிறிஸ்தவரான ஆதிதிராவிடர் பட்டியல் சாதியினர் ஆகார். சீக்கியருக்கு 1956இலும் பௌத்தருக்கு 1990இலும் அவ்வுரிமை வழங்கப்பட்டது. நமக்கு இல்லை. தமிழ்நாட்டில் பிற்படுத்தப்பட்டோர் வரிசையில் நின்று, நம்மைவிட வசதியானவர்களோடு போட்டியிட வேண்டும். 2007இல் கிறிஸ்தவருக்கென 3.5 விழுக்காடு தனி ஒதுக்கீடு வந்தபோது மகிழ்ந்தோம். கணக்குப் பார்த்தபோது முன்பு கிடைத்த இடங்களை விடக் குறைவாகவே கிடைக்கும் என்று தெரிந்து, நம் தலைவர்களே கேட்டுக் கொள்ள, 2008இல் அது கைவிடப்பட்டது. அரிசி ஆலைகளிலும் செங்கல் சூளைகளிலும் வேலை செய்யும் இருளர் பிள்ளைகளுக்கோ சான்றிதழ் வாங்குவதே மலையைப் புரட்டும் வேலை. 1990 முதல் கும்மிடிப்பூண்டி முகாமில் வாழும் ஈழத்து உறவுகளின் பிள்ளைகளுக்குக் குடியுரிமை இல்லாத குறை. ஒவ்வொரு வீட்டின் முன்னும் தடைக்கல் வெவ்வேறு.

பதினைந்து வயதில் நிகழ்வது

2022 ஜனவரி 12 அன்று தமிழ்நாட்டில் ஒரே நாளில் பதினோரு அரசு மருத்துவக் கல்லூரிகள் திறந்து வைக்கப்பட்டன. அவற்றுள் ஒன்று நம் திருவள்ளூரில், 100 இடங்களுடன். நம் மாவட்டத் தலைநகரில் மருத்துவக் கல்லூரி என்று பெருமை பேசுகிறோம், பேச வேண்டியதுதான். ஆனால் கல்லூரி பக்கத்தில் வந்துவிட்டதால் மட்டும் பிள்ளை உள்ளே போய்விட மாட்டான். நீட் தேர்வைப் பற்றியே எல்லோரும் பேசுவதால் ஒரு விஷயம் கண்ணுக்குத் தெரியாமல் போகிறது. நம் பிள்ளைகளிற் பெரும்பாலோருக்கு வழி அடைபடுவது பதினெட்டு வயதில் அன்று, பதினைந்து வயதில்.

பத்தாவது முடித்ததும் பதினோராம் வகுப்பில் எந்தக் குரூப் என்று கேட்கிறார்கள். தோழி எடுத்தாள் என்று இவளும் எடுக்கிறாள். உயிரியல் என்றால் கஷ்டம், டாக்டருக்குத்தான் அது என்று யாரோ சொன்னதைக் கேட்டு வணிகவியல் எடுத்தவள், இரண்டு ஆண்டு கழித்து பி.எஸ்ஸி. நர்சிங் சேரலாமா என்று விசாரிக்கும்போது இயற்பியல், வேதியியல், உயிரியல் கேட்கிறார்கள். ஆய்வுக்கூடம், கதிர்ப்படம், டயாலிசிஸ், அறுவைக் கூடம், இயன்முறை மருத்துவம், பார்மசி என்று எதைக் கேட்டாலும் அறிவியல் பிரிவுதான் பெரும்பாலும் வாசற்படி. இத்துறைகளை முறைப்படுத்த 2021இல் மத்திய அரசு தனிச் சட்டமே இயற்றியுள்ளது. நாம் இன்னும் “டாக்டரு, நர்சு” என்ற இரண்டு சொல்லோடு நிற்கிறோம்.

அறியாமை இருக்கும் இடத்தில் வியாபாரியும் வந்துவிடுவான். பேருந்து நிலையச் சுவரில் “ஓராண்டில் நர்சிங், வேலை உறுதி” என்று விளம்பரம் ஒட்டியிருக்கும். தாலியை அடகு வைத்துப் பணம் கட்டிய ஒரு தாயை நாம் அறிவோம். பெண் ஓர் ஆண்டு படித்து ஒரு காகிதத்தோடு வந்தாள். அரசு வேலைக்கு அக்காகிதம் செல்லாது என்று பிறகுதான் தெரிந்தது. தமிழ்நாட்டில் செவிலியருக்கும் பேறுகாலப் பணியாளருக்குமான சட்டம் 1926 முதலே உண்டு. நர்சிங் கவுன்சிலில் பதிவு பெற முடியாத படிப்பு, எவ்வளவு அழகான சீருடை தந்தாலும், நர்சிங் படிப்பு ஆகாது. துணைச் செவிலியர் படிப்பு இரண்டு ஆண்டு, நர்சிங் டிப்ளமா மூன்று ஆண்டு, பி.எஸ்ஸி. நான்கு ஆண்டு. இதற்குக் குறைவாகச் சொல்பவரிடம் பணம் கட்டுமுன் கவுன்சிலின் பட்டியலைப் பாருங்கள். தெரியாவிட்டால் படித்தவர் ஒருவரைப் பார்க்கச் சொல்லுங்கள்.

நாட்டுப்புறத்தில் பிறந்து வளர்ந்தவரே மருத்துவரானபின் நாட்டுப்புறத்தில் தங்கிப் பணி செய்ய மிகுதியும் முன்வருகிறார் என்பது பல நாடுகளில் கண்ட உண்மை. அமெரிக்காவில் பிலடெல்பியா நகரத்து ஜெபர்சன் மருத்துவக் கல்லூரி 1974 முதலே இத்தகைய மாணவரைத் தேடிச் சேர்த்து வந்துள்ளது. உலக சுகாதார நிறுவனமும் 2010இலும் மீண்டும் 2021இலும் இதையே பரிந்துரைத்தது. ஆரம்பாக்கத்துக் குழந்தைக்கு நள்ளிரவில் மூச்சுத் திணறினால் அருகில் யார் இருக்கப் போகிறார்கள் என்ற கேள்வியும் ஆரம்பாக்கத்துப் பிள்ளை எந்தக் குரூப் எடுக்கிறான் என்ற கேள்வியும் ஒன்றோடொன்று பின்னியவை.

விழா ஆண்டில் நம் பங்கு செய்யக் கூடியது பெரிய காரியம் அன்று. ஒன்பதாம் வகுப்பிலும் பத்தாம் வகுப்பிலும் உள்ள பிள்ளைகளை, எம்மதத்தினராயினும், பத்துப் பத்துப் பேராக ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அழைத்துச் சென்று, மருத்துவ அலுவலரின் அனுமதியுடன் அரை நாள் இருக்க வைக்கலாம். இரத்தச் சோதனை எப்படி நடக்கிறது, தடுப்பூசி எந்தக் குளிரில் வைக்கப்படுகிறது, மருந்துக் கணக்கை யார் எழுதுகிறார் என்று அவர்கள் பார்க்கட்டும். இப்பணிகளில் ஏற்கெனவே இருக்கும் நம் தெருப் பிள்ளைகள் பங்கு அலுவலகத்தில் பெயர் கொடுத்தால், அவர்களே வந்து பேசலாம். சம்பளம் எவ்வளவு, இரவு வேலை எத்தனை நாள், எந்தப் பாடம் கடினம் என்பதை அவர்களைப் போல் வேறு எவரும் சொல்ல முடியாது.

பத்தாவது அரசுத் தேர்வுக்கு முந்திய மாதத்தில் ஒரு ஞாயிறு, இரண்டாம் பூசைக்குப் பின், மறைக்கல்வி வகுப்பு நடக்கும் அறையில் முதற் கூட்டத்தை வைத்துக் கொள்ளலாம் என்பது எம் யோசனை. பிள்ளைகளோடு தாய்மாரும் வருவது நல்லது. பள்ளிக் கணக்கில் பெயரும் பிறந்த தேதியும் சரியாக இருக்கின்றனவா என்று பார்க்க ஒருவரை அங்கேயே உட்கார வைக்கலாம்; சாதிச் சான்றிதழ் இன்னும் வாங்காதவர்கள் அதற்கான மனுவையும் அன்றே எழுதிவிடலாம்.